காலடிப்பேட்டைக்காரர் காதில் விழுந்த தாலாட்டு

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
1971 ஜனவரி, கடைசி ஞாயிறு

அன்புள்ள மருமகள் பிலோமிக்கு மாமா கஸ்பார் எழுதுவது. இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். சென்ட்ரல் ஸ்டேஷனில் உன்னை நாக்பூர் ரயிலில் ஏற்றிவிட்டபோதே, நர்சு படிக்கப் போகிற இடத்தில் நர்சுப் படிப்பை மட்டும் படி, பாட்டையும் ஊசியையும் ஒன்றாகக் கலக்காதே, ஒருநாள் யாராவது கட்டிலை விட்டு எழுந்து ஓடுவார்கள் என்று வார்த்தை மாறாமல் சொன்னேன். உன் அம்மா, நீ ஒன்றும் சொல்லவில்லை, வடை வாங்கப் போனவன் ரயில் நகர்ந்த பிறகுதான் வந்தாய் என்கிறாள். அக்காவுக்கு இப்போதெல்லாம் ஞாபகம் சரியில்லை. மற்றபடி மாதா புண்ணியத்தில் எங்கள் இரண்டு பேர் உடம்புக்கும் குறையில்லை, எனக்குத் தோள்வலி குறைந்தது, அக்காவுக்கு இருமல் கொஞ்சம் இருக்கிறது, பனிக்காலம் போனால் போய்விடும். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று எழுத ஆசைதான், ஆனால் போன வாரம் வந்த உன் கடிதத்தைப் பார்த்தால் சாப்பிடுகிறவள், தூங்குகிறவள் எழுதினதாகத் தெரியவில்லை. அதனால் அந்த விசாரிப்பை இந்தத் தடவை கேள்வியாகவே வைக்கிறேன். சாப்பிடுகிறாயா கண்ணு?

உன் கடிதத்தை அக்காவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். முதல் தடவை அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, உங்கள் காலேஜில் நர்சு மாணவிகளுக்கு ஒரு சங்கம், டாக்டருக்குப் படிக்கிறவர்களும் மற்றவர்களும் சேர்ந்த பாட்டுச் சங்கம் ஒன்று, நீ இரண்டிலும் மெம்பர், அதிலும் நர்சு சங்கத்தில் துணைக் காரியதரிசி என்பதையெல்லாம் நான்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஹார்பரில் எங்களுக்கு இருக்கிற யூனியன் மாதிரியா என்று கேட்டாள், கிட்டத்தட்ட அப்படித்தான், கொடி மட்டும் இல்லை என்றேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் இரண்டு சங்கமும் சேர்ந்து கையில் விளக்கோடு வார்டு வார்டாகப் பாடிக்கொண்டு போவது உங்கள் காலேஜ் வழக்கம், இந்த வருஷம் ஆளுக்கொரு பாஷையில் ஒரு பாட்டு என்று முடிவாகி தமிழுக்கு உன்னை நிறுத்தினார்கள், நீ குழந்தை இயேசுவைத் தூங்க வைக்கிற மாதிரி சொந்தமாக வார்த்தை கட்டி, சின்ன வயசில் வீட்டில் கேட்ட ஒரு மெட்டில் அதைப் போட்டுப் பாடினாய், பிரின்சிபால் அம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதுவரைக்கும் சொல்லும்போது அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. அப்புறம்தானே வந்தது. ஆம்பளை வார்டில் வயிறு அறுத்து ஆபரேஷன் ஆகி, கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டு படுத்திருந்த ஒரு மனுஷன், இங்கே திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்காரர், பெயர் நீலமேகம், ரயில்வேயில் பிட்டர், பெண்சாதியோடு காசிக்குப் போய்த் திரும்பும்போது ரயிலிலேயே குடல்வால் வெடித்து நாக்பூரில் இறக்கப்பட்டவர், உன் பாட்டு ஆரம்பித்ததும் கண்ணைத் திறந்தார், ஐயோ பட்டு, பேண்டு செட்டு வந்துட்ச்சிடி, என்ன தூக்கினு போவ வந்துட்டாங்கடி என்று பெண்சாதியைப் பார்த்து அலறி, ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார், தையல் விட்டுப் போயிற்று, மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. அவருடைய பெண்சாதி போட்ட கூச்சலில் மொத்த ஆஸ்பத்திரியும் கூடிவிட்டது. உனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் என்ன நடந்தது என்றே தெரியவில்லை. அந்த அம்மாள் சொல்லித்தான் உனக்கே தெரிந்தது, நீ தாலாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது ராயபுரத்தில் பிணப்பெட்டிக்குப் பின்னால் எங்கள் கோயில் பேண்டு ஊதிக்கொண்டு போகிற மெட்டு என்று. நாக்பூரிலேயே அது தெரிந்தவர் அவர்கள் இரண்டு பேர்தான். காசிமேட்டுக் கல்லறைக்குப் போகிற ரோட்டில் பல வருஷம் வாடகைக்கு இருந்தவர்களாம், அந்த மெட்டு அவர்கள் காதில் ஊறினது.

இதைப் படித்து முடித்ததும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். டேய் கஸ்பாரு, நீ ஊதி ஊதித்தான்டா எம்பொண்ணு மண்டைல சாவுப் பாட்டு ஏறிக்கீது, கொழந்தைய மடில போட்டுகினு ஊதறதுக்கு உனக்கு வேற பாட்டே கெடிக்கலியா என்றாள். நான் என்ன செய்வேன்? ஊரில் துக்கம் வராத நாளே இல்லை, அந்த மெட்டைத்தானே நான் வீட்டில் பழக வேண்டும்? பேண்டில் இரண்டாவது கார்னெட், அந்தச் சின்னப் பித்தளைக் குழல், ஊதுகிறவன் நான், முதல் கார்னெட்டைவிட என் ஊத்துதான் இனிப்பு என்று கப்பலில் வந்த ஒரு நார்வே தேசத்துக் கேப்டனே டெக்கில் நின்று கேட்டுத் தொப்பியைக் கழற்றியிருக்கிறார். வீட்டில் ஊதும்போது அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று குழலின் வாய்க்குள் துணி அடைத்து மெல்ல ஊதுவேன், நீ அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் போவாய். தெருவில் பெரிய டிரம்மோடு, காலடிக்குச் சரியாக அடித்துக்கொண்டு போகும்போது அது வேறு. துணி அடைத்து ஊதினால் அது தாலாட்டுதான், இதில் யார் என்ன சொல்ல முடியும்? உன் அப்பா போன பிறகு அக்கா, தெருவில் பெட்டி வருகிற சத்தம் கேட்டாலே கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, உன்னை உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போய் ரேடியோவைப் பெரிசாக வைத்துவிடுவாள், அதனால் டிரம்மோடு அந்த மெட்டை நீ கேட்டதே இல்லை. ஆக, ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் அந்த மெட்டுக்குப் பயப்படாத ஒரே பிள்ளை நீதான். இதைப் பேண்டு மாஸ்டர் அருள்பிரகாசத்திடம் சொன்னேன், அவர் இன்னா கஸ்பாரு, நம்ம பேண்டு நாக்பூரு வரைக்கும் பூட்ச்சின்னு சொல்லு என்று சிரித்து, அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, பாவம் அந்தாளு, வவுத்துல தையலோட எப்டி பதறினாரோ என்றார். அன்றைக்குப் பழகப் போன நாங்கள் யாரும் அந்த மெட்டை எடுக்கவில்லை.

இப்போது உன் விஷயம். பாட்டுச் சங்கத்துத் தலைவர், அந்த டாக்டருக்குப் படிக்கிற பையன், வார்டைத் தேர்ந்தெடுத்தது நர்சு சங்கம், ஆபரேஷன் ஆனவர் இருக்கிற வார்டுக்குள் எங்களை ஏன் கூட்டிப்போனார்கள் என்கிறான். நர்சு சங்கத்துக் காரியதரிசி, அந்த மலையாளத்துப் பெண், பாட்டைத் தேர்ந்தெடுத்தது பாட்டுச் சங்கம், நோயாளி எங்கள் பொறுப்பு, பாட்டு அவர்கள் பொறுப்பு என்கிறாள். இரண்டு பேரும் சொல்வது சரிதான் போல இருக்கிறது, அதுதான் கஷ்டம். ஹார்பரில் நான் சரக்குத் தூக்கி இறக்குகிற விஞ்ச் ஓட்டுகிறேன் அல்லவா, எனக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, மேலே விளிம்பில் நின்று ஒருத்தன் கை காட்டுவான், அந்தக் கையைப் பார்த்துத்தான் மூட்டையை இறக்குவேன். ஏதாவது தவறிப்போனால் அவன் கை சரியாகத்தான் காட்டினேன் என்பான், நான் கையைப் பார்த்துத்தான் இறக்கினேன் என்பேன், இரண்டு பேரும் மேலே நின்று கத்திக்கொண்டிருப்போம், அடிபட்டவன் கீழே உட்கார்ந்திருப்பான். இதில் அடிபட்டது முதலில் அந்த நீலமேகம், அப்புறம் நீ. நான் இதை ஒரு நாள் முழுக்க யோசித்தேன், நான் யோசிக்கிற ஆள் இல்லை என்று உனக்கே தெரியும். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் இரண்டு சங்கமும் ஒன்றாகக் கூடி சங்கத்திலிருந்து உன் பெயரை எடுப்பதா, இனி வார்டில் பாடுவதையே நிறுத்துவதா என்று தீர்மானிக்கப் போகிறார்களாம். நீயோ, அதற்கு முன்னால் நானே இரண்டு சங்கத்தையும் விட்டு, படிப்பையும் விட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், இனி எந்த நோயாளி முகத்தையும் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத்தான் அக்கா இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். படித்ததும் வரட்டும் என்று ஒரே வார்த்தை சொன்னாள். சாயங்காலம் நான் டூட்டி முடிந்து வரும்போது உன் தலையணை உறையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள், உனக்குப் பிடிக்கும் என்று நெத்திலிக் கருவாடு வாங்கி வைத்திருந்தாள். முகத்தில் கவலையும் இருந்தது, அதற்குள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது, நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். மூன்று வருஷமாக அவள் தனியாக உட்கார்ந்து செபமாலை சொல்கிறாள், நீ வந்தால் பதில் சொல்ல ஆள் இருக்கும். அவளைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை.

சரி, சும்மா இருந்தால் ஆகாது என்று போன வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு காலடிப்பேட்டைக்கே போனேன். நீலமேகம் பொங்கலுக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிட்டார் என்று லோகோ ஷெட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன், என்னைத் தெரியாதவர்கள் அங்கே யார்? டோல்கேட் தாண்டும்போது பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள், அக்காவுக்கு மட்டும்தான் ஒருத்தர் கொடுத்தார் என்று அவள் சொல்லுவாள், அதை விடு. வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசலில் நாற்காலி போட்டு மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார், மெலிந்த உடம்பு, நல்ல மீசை. அவருடைய பெண்சாதி பட்டம்மாள் முறத்தோடு வெளியே வந்து இன்னாமே, யாரு ஓணும் என்றாள். நான் நாக்பூர் என்ற வார்த்தையைச் சொன்னதுதான் தாமதம். ஓ, எங்க வூட்டுக்காரருக்கு உசுரோட சாவு பேண்டு வச்ச பொண்ணோட ஆளுங்களா நீங்க, வாங்க வாங்க, பெட்டியும் எட்தாந்துகீறீங்களா என்றாள். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் தைரியமாக, அம்மா, அது எங்க பொண்ணு வேணும்னு பாடல, அதுக்கு அது தாலாட்டு, நான்தான் ஊதினேன், திட்றதுன்னா என்னத் திட்டு என்றேன். அப்போது நீலமேகம் நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்து என்ன செய்தார் தெரியுமா? கடகடவென்று சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டே என் தோளில் கை போட்டு, மாமு, உன் பாட்டு கேட்டுத்தான் நான் பொழ்ச்சிகினேன், சாவுக்கு ஊதற பாட்ட கேட்டே எழ்ந்து குந்திகினவன்கிட்ட இனிமே எமன் இன்னாத்த வந்து கேக்கறது, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, நீலமேகம் அண்ணன் சொன்னாருன்னு எல்லா வார்டுலயும் பாடச் சொல்லு என்றார். தெருவே சிரித்தது. பட்டம்மாள் காபி கொண்டுவந்தாள், அதுவும் பித்தளை டம்ளரில். புறப்படும்போது தெருமுனை வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

ஆகையால் நீ பெட்டியைக் கட்ட வேண்டாம். கூட்டத்துக்குப் போ. தலையைக் குனிந்துகொண்டு போகாதே, ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்றும் நிற்காதே, தெரியாமல் செய்தது தெரியாமல் செய்ததுதான், வலித்தது வலித்ததுதான், இரண்டையும் சொல். உன் பெயரை எடுத்தால் எடுக்கட்டும், சங்கம் போனால் படிப்பு போகாது. அக்கா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், நானும் சொல்கிறேன், மாதா உன் பக்கத்தில் இருந்து எது வந்தாலும் தாங்குகிற மனசைத் தருவாள். நாக்பூர் குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ஸ்வெட்டர் கிழிந்திருந்தால் எழுது, என் பழைய கப்பல் ஸ்வெட்டரை அனுப்புகிறேன், அது இங்கிலாந்து ராணுவத்தில் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் ஆரம்பிப்பதற்குள் ஒரு கடிதம் போடு. கூட்டம் முடிந்த அன்றைக்கே போட்டால் இன்னும் நல்லது, அக்கா தபால்காரரை வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்கிறாள், அவர் தெருவை மாற்றிக்கொண்டு போகிறார்.

இவ்வளவும் எழுதிக் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் வழக்கம் போல் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். நார்வே கேப்டன் வந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை, பஸ்ஸில் இடம் கொடுத்த இடத்திலும் பேசாமல் இருந்தாள். காலடிப்பேட்டை முடிந்ததும் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். டேய், அவ இத எட்துகினு போயி அந்தக் கூட்டத்துல நாலு பேரு முன்னால படிப்பாடா, எம்பொண்ண பொய்யப் படிச்சிட்டு நிக்கச் சொல்றியா, அந்த மனுசன் இன்னா சொன்னாரோ அத எய்து என்றாள். அதனால் எழுதுகிறேன். நாங்கள் போனது நிஜம், பட்டம்மாள் கேட்டது நிஜம், நான் என்னைத் திட்டு என்று சொன்னதும் நிஜம். நீலமேகம் சிரித்ததும் என் தோளில் கை போட்டதும் பாடச் சொன்னதும், காபியும் வழியனுப்பினதும் நான் கட்டினது. பாட்டுக்காரப் பெண்ணின் மாமன் என்று கேட்டதும் அவர் எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டார். பட்டம்மாள்தான் நின்று பேசினாள். இன்னமும் தெருவில் டிரம் சத்தம் கேட்டால் அவர் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுகிறாராம். நாங்கள் திரும்பிவிடலாம் என்று நாலடி வைத்தோம். அப்போது கதவுக்கு உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. மறுநாளு கட்டு மாத்த அந்தப் பொண்ணேதான் வந்துச்சி, நான் மூஞ்சியத் திருப்பிகினேன், அது போவல, அம்மாங் குளுருல வெந்நில கைய முக்கி சூடு பண்ணிகினு அப்பால தான் என்னத் தொட்டுச்சி, மத்தவங்கோ கை ஐஸ் கணக்கா இருக்கும், அதுங் கைல மட்டும் எனக்கு வலிக்கல, அத்த சொல்லு என்றார். அவ்வளவுதான். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீயும் வெந்நீர் சங்கதியை எங்களுக்கு எழுதவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா உன் தலையணை உறையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள், கருவாட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள், அவ அங்கியே இருக்கட்டும்டா என்றாள். கூட்டத்தில் எதையாவது படித்துக் காட்ட வேண்டுமென்றால் அவர் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னதைப் படி. அதில் நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. நான் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்று அக்கா தன் கையால் கீழே சிலுவை போட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் மாமா
ச. கஸ்பார்

+
(உன் அம்மா சிலுவையம்மாள் போட்டது)